முதல் வேலையை விடலாமா? கோர் கனவோடு ஐடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெக்கானிக்கல், சிவில், ட்ரிபிள் இ என்று ஏதோ ஒன்று படித்துவிட்டு, கேம்பஸில் முதலில் வந்த ஐடி கம்பெனியில் சேர்ந்து, இன்று சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ சப்போர்ட் ப்ராஜெக்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல கல்லூரிகளில் ஒரு ஆஃபர் வாங்கிவிட்டால் அடுத்த கம்பெனிக்கு உட்கார விடமாட்டார்கள். ஐடி கம்பெனிகள் முதலில் வந்து கூட்டமாக எடுத்துக்கொண்டு போய்விடும். கோர் கம்பெனிகள், அதாவது நாம் படித்த துறையிலேயே வேலை தருபவை, பின்னால் வரும், வந்தாலும் நாலைந்து பேரைத்தான் எடுக்கும். அதனால் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு உங்கள் முன்னால் இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

நானும் அப்படித்தான் போனேன். 2016-ல் மெக்கானிக்கல் முடித்து, சென்னை ஓஎம்ஆரில் பதினான்கு மாதம் டிக்கெட் மூடும் வேலை, அதாவது பயனர்கள் அனுப்பும் புகார்களைத் தீர்த்து முடிக்கும் வேலை, பார்த்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது கோவையில் பம்ப் டிசைனில் இருக்கிறேன். எனக்குச் சரியாக வந்தது என்பதால் எல்லோரும் விடுங்கள் என்று சொல்லப் போவதில்லை. என்னோடு சேர்ந்தவர்களில் அங்கேயே இருந்து நன்றாக வந்தவர்களும் உண்டு. அவசரப்பட்டு விட்டுவிட்டு இரண்டு வருடம் தவித்தவர்களும் உண்டு. வித்தியாசம் எங்கே வந்தது என்று யோசித்துப் பார்த்ததில் பிறந்ததுதான் இந்த வரிசை.

முதல் படி: எது பொருந்தவில்லை என்று கண்டுபிடியுங்கள்

"இந்த வேலை எனக்குச் செட் ஆகவில்லை" என்று சொல்லும்போது அதற்குள் ஐந்தாறு விஷயம் கலந்து கிடக்கும். வேலையே பிடிக்காமல் இருக்கலாம். டீம் லீட் பிடிக்காமல் இருக்கலாம். நைட் ஷிப்ட் உடம்பைக் கெடுக்கலாம். சம்பளம் போதாமல் இருக்கலாம். சென்னையே பிடிக்காமல் போகலாம், வீட்டு ஞாபகமாகக்கூட இருக்கலாம். இதில் பாதிக்கு வேலையை விடுவது மருந்தே இல்லை. ப்ராஜெக்ட் மாறினால் லீட் மாறிவிடுவார். ஷிப்ட் மாறினால் தூக்கம் வந்துவிடும். ஆனால் வேலையின் தன்மையே பிடிக்கவில்லை என்றால் எந்த ப்ராஜெக்டுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

பிரித்துப் பார்க்க ஒரே வழி, எழுதுவது. நான்கு வாரம், தினமும் வேலை முடிந்ததும் போனில் மூன்று வரி போதும். இன்று என்ன செய்தேன், எந்த நேரம் போனதே தெரியவில்லை, எது பாரமாக இருந்தது. என் குறிப்பில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "14 டிக்கெட். 9 பாஸ்வேர்ட் ரீசெட். மதியம் எஸ்எல்ஏ (டிக்கெட்டை மூடுவதற்கான கெடு) தாண்டிவிட்டது என்று கால். நேரம் போனது தெரியாதது: கேண்டீன் தண்ணீர் மோட்டார் சத்தம் போடுவது ஏன் என்று எலக்ட்ரீஷியன் அண்ணனோடு பேசிய இருபது நிமிடம்." நான்கு வாரக் குறிப்பையும் சேர்த்துப் படித்தபோது அதில் என் லீட் பற்றி ஒரு புகார்கூட இல்லை. அவர் நல்ல மனிதர். அப்புறம்தான், எனக்குப் பிடிக்காதது ஆளோ ஊரோ இல்லை, வேலைதான் என்று தெளிவாகப் புரிந்தது.

என் அறைத் தோழன் எழுதியதில் நேர்மாறாக வந்தது. பன்னிரண்டு நாள் குறிப்பில் எட்டு நாள் ஷிப்ட், தூக்கம், கேப் தாமதம். இடையில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஐம்பது டிக்கெட்டை ஒரே அடியில் மூடிய நாளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தான். அவன் ஷிப்ட் மாற்றம் கேட்டு வாங்கினான். இன்றும் ஐடியில்தான் இருக்கிறான், சந்தோஷமாக.

நைட் ஷிப்ட் ஓடும் மாதத்திலும், அப்ரைசல் வந்த வாரத்திலும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: போக நினைக்கிற வேலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள்

இக்கரைக்கு அக்கரை பச்சை. கோர் வேலை என்றாலே நமக்கு மனதில் வருவது கம்ப்யூட்டரில் கார் டிசைன் செய்கிற படம். ஆனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் ஜிஇடி, அதாவது கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னியாகச் சேருகிறவர்களில் பலர் முதலில் போவது புரொடக்‌ஷனுக்கும் குவாலிட்டிக்கும்தான். மூன்று ஷிப்ட் சுற்றும். நாள் முழுக்க லைனில் நிற்க வேண்டும். ரிஜெக்‌ஷன் ஏன் கூடியது என்று காலை மீட்டிங்கில் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் பல இடங்களில் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. இது கெட்ட வேலை என்று சொல்லவில்லை. மெஷின் பக்கத்தில் இரண்டு வருடம் நின்றவர்தான் பிற்பாடு நல்ல டிசைனராக வருகிறார் என்பது என் அனுபவம். ஆனால் இது இப்படித்தான் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அதற்கு மூன்று பேரைப் பிடியுங்கள். அந்த வேலையில் இரண்டு மூன்று வருடம் இருப்பவர்கள் போதும். பெரிய பதவியில் இருப்பவர்கள் வேண்டாம், அவர்களுக்குத் தொடக்க காலம் மறந்திருக்கும். கல்லூரி சீனியர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாலே ஆள் கிடைப்பார். "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதோடு முடிந்துவிடும். "அண்ணா, நேத்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதில் ஒரு மணி நேரம் ஓடும். அதைக் கேட்கும்போது உங்களுக்குப் பொறாமை வருகிறதா, களைப்பு வருகிறதா என்று கவனியுங்கள்.

அப்புறம் கையால் செய்து பாருங்கள். டிசைனுக்குப் போக வேண்டும் என்றால், எட்டு வாரக் கடைசிகளை அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு பழைய பைக் கிளட்ச் லீவரோ, வீட்டு மோனோபிளாக் பம்ப்பின் இம்பெல்லரோ, எதையாவது எடுத்து வெர்னியரால் அளந்து, மாடல் போட்டு, டாலரன்ஸோடு (அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற குறிப்போடு) முழு டிராயிங் தயார் செய்யுங்கள். மாடல் எல்லோரும் போட்டுவிடுவார்கள். எந்த அளவை எங்கிருந்து கொடுப்பது, எந்தப் பரப்புக்கு ஃபினிஷ் கேட்பது, எங்கே டாலரன்ஸை இறுக்கினால் செலவு ஏறும் என்பதில்தான் வேலை இருக்கிறது. நான் முதலில் போட்ட டிராயிங்கை அம்பத்தூரில் லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இந்த உள் மூலையில ரேடியஸே குடுக்கலையே, டூல் எப்படிப் போகும்?" என்றார். நான்கு வருட பி.இ. சொல்லித்தராத ஒன்றை அந்த ஒரு கேள்வி சொல்லித்தந்தது. கூச்சமாக இருந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. வேறு எந்த அறிகுறியையும்விட அதைத்தான் நான் நம்பினேன்.

எட்டு வாரத்தில் நாலு வாரம் கூட உட்கார முடியவில்லையா? அதுவும் ஒரு பதில்தான். கோர் மேல் இருந்தது ஆசையா, ஐடி மேல் இருந்த சலிப்பா என்று அப்போது யோசியுங்கள்.

மூன்றாம் படி: கதவு எப்போது மூடுகிறது என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். "ரெண்டு வருஷம் அனுபவம் சேர்த்துக்கிட்டு அப்புறம் மாறிக்கலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே துறைக்குள் மாறுகிறவர்களுக்கு அது நல்ல புத்திமதி. துறை மாறுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

ஜிஇடி விளம்பரங்களைப் பாருங்கள். "இந்த பேட்ச், அதற்கு முந்தைய பேட்ச் மட்டும்" என்று போட்டிருப்பார்கள். பாஸ் அவுட் ஆகி இரண்டு வருடம் தாண்டிவிட்டால் அந்த வரிசையில் நிற்க முடியாது. சரி, அனுபவசாலியாகப் போகலாம் என்றால், வேலை தேடும் தளங்களின் விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் இருக்கும்: மொத்த அனுபவம், தொடர்புள்ள அனுபவம். மொத்தத்தில் இரண்டு வருடம் என்று போடுவீர்கள். தொடர்புள்ளதில் பூஜ்யம் என்று போடுவீர்கள். ஃபிரஷரும் இல்லை, அனுபவசாலியும் இல்லை. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே துறை மாறப் போகிறவர்களுக்கு முதல் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம்தான் முக்கியமான காலம். உங்கள் பாஸ் அவுட் வருடத்தை எழுதி, அதோடு இரண்டைக் கூட்டி, அந்தத் தேதியைச் சுவரில் ஒட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

அந்தத் தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டதா? வழி குறுகலாகும், அடைபடாது. எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வு ஒரு வழி. பொதுவாகப் பிப்ரவரியில் நடக்கும், 3 மணி நேரம், 100 மதிப்பெண், ஸ்கோர் 3 வருடம் செல்லும். எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும், சில பொதுத்துறை நிறுவனங்களும் அந்த ஸ்கோரை வைத்து ஆள் எடுக்கின்றன. எம்.டெக் முடித்து வரும்போது மறுபடி கேம்பஸ் கிடைக்கிறது என்பதுதான் இதில் பெரிய லாபம். ஆனால் கேட்டுக்குப் படிக்கிறேன் என்று முதலிலேயே வேலையை விடாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே ஒரு தடவை எழுதிப் பாருங்கள். எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று அந்த மதிப்பெண் காட்டிவிடும். மற்றொரு வழி, கோவை பீளமேடு, கணபதி, சென்னை அம்பத்தூர் மாதிரி இடங்களில் இருக்கும் சிறு, நடுத்தரக் கம்பெனிகள். அங்கே பேட்ச் கேட்பது குறைவு, டிராயிங் போடத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். நான் நுழைந்தது அப்படித்தான்.

நான்காம் படி: உள்ளேயே வழி இருக்கிறதா?

பெரிய ஐடி கம்பெனிகள் பலவற்றில் இன்ஜினியரிங் சர்வீஸ் என்று தனிப்பிரிவு உண்டு. கார், விமானக் கம்பெனிகளுக்காக கேட்டியா, என்எக்ஸ், அன்சிஸ் மாதிரி இன்ஜினியரிங் சாஃப்ட்வேர்களை வைத்து வேலை செய்கிற பிரிவு. பக்கத்து பில்டிங்கில் அது இருப்பதே தெரியாமல் விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். உள் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தேடுங்கள், மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் ப்ராஜெக்டில் ஒரு வருடமாவது முடிக்கச் சொல்வார்கள். "பார்க்கலாம்" என்று சொன்னால் எப்போது என்று கேட்டு, பேசியதை ஒரு மெயிலாகப் போட்டு வையுங்கள். மூன்று மாதத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

ஐந்தாம் படி: பணத்தைக் காகிதத்தில் எழுதுங்கள்

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கையில் வருவது 23,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஜி சாப்பாட்டோடு 7,500. கல்விக்கடன் தவணை 5,500. வீட்டுக்கு 4,000. பஸ், போன், சில்லறைச் செலவு 3,000. ஆக 20,000. மாதம் மிஞ்சுவது 3,000.

வேலையை விட்டுவிட்டு ஊரில் ஆறு மாதம் இருந்து தேடுவதென்றால் பிஜி செலவு இல்லை. தவணை 5,500, வீட்டுக்கு 4,000, கைச்செலவு 2,000. மாதம் 11,500, ஆறு மாதத்துக்கு 69,000. மாதம் 3,000 சேர்த்தால் இதைச் சேர்க்க 23 மாதம் ஆகும். அதற்குள் மேலே சொன்ன கதவு மூடிவிடும். ஆனால் அந்த ஆறு மாதம் மட்டும் 4,000 அனுப்ப முடியாது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்தால், தேவை 45,000 ஆகக் குறைகிறது. பதினைந்து மாதத்தில் சேர்ந்துவிடும். வீட்டில் பேசும் ஒரு பேச்சு எட்டு மாதத்தை மிச்சப்படுத்துகிறது.

கடன் தவணையை மட்டும் தவற விடாதீர்கள். சிபில் ஸ்கோர் அடிபடும், அப்பா ஜாமீன் போட்டிருந்தால் அவருடையதும் சேர்ந்து அடிபடும்.

மறக்கிற இன்னொன்று, இன்சூரன்ஸ். கம்பெனி குரூப் பாலிசியில் அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தால், கடைசி வேலை நாளோடு அது போய்விடும். தனியாக எடுக்கும் பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர் மாதிரி நோய்களுக்கு 3 வருடம் வரை போகலாம். வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: ஆஃபர் லெட்டரை மறுபடி படியுங்கள்

மூன்று விஷயம் தேடுங்கள்: ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்) எப்போது முடிகிறது, விலகுவதற்கு நோட்டீஸ் எத்தனை நாள், பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) உண்டா.

ப்ரொபேஷனில் நோட்டீஸ் குறைவாக இருக்கும், கன்ஃபர்ம் ஆனதும் பல ஐடி கம்பெனிகளில் 60, 90 நாள் என்று நீளும். ஜிஇடி எடுக்கிற கம்பெனி மூன்று மாதம் காத்திருக்காது. பணம் கட்டி நோட்டீஸைக் குறைக்க முடியுமா, முடியும் என்றால் பேசிக் சம்பளத்திலா மொத்தச் சம்பளத்திலா கணக்கு என்பதெல்லாம் அந்த லெட்டரில்தான் இருக்கும்.

பாண்ட் என்றதும் பயந்து போகிறவர்கள் ஒரு பக்கம், "அதெல்லாம் செல்லாது ப்ரோ" என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே தப்பு. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று நீதிமன்றம் பார்க்கும். உங்கள் பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவானது என்பது அங்கே பெரிய கேள்வியாக வரும். அதே சமயம், 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது பொதுத்துறை வங்கி, விலகியவர் அதிகாரி என்ற பின்னணி உண்டு. என்றாலும், "பாண்ட் என்றாலே செல்லாது" என்று இனி யாரும் சொல்ல முடியாது. தொகை பெரிதாக இருந்தால் ஒரு வக்கீலிடம் லெட்டரைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழை எந்தக் கம்பெனியிலும் கொடுத்து வைக்காதீர்கள்.

ஏழாம் படி: முடிவு

இப்போது கையில் நான்கு வாரக் குறிப்பு, எட்டு வார முயற்சி, ஒரு தேதி, ஒரு பணக் கணக்கு இருக்கிறது. பிடிக்காதது வேலையின் தன்மைதான், அடுத்த வேலையைக் கையால் தொட்டுப் பார்த்தும் ஆசை குறையவில்லை, காத்திருந்தால் கதவு மூடும் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் விடுங்கள். என் கருத்து இது: அடுத்த ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு பேப்பர் போடுவதுதான், அதாவது ராஜினாமா செய்வதுதான், பத்தில் ஒன்பது பேருக்குச் சரி. வேலை உடம்பையோ மனதையோ உடைக்கிறது, தூக்கம் போய்விட்டது, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் அது வேறு. அப்போது முதலில் டாக்டரைப் பாருங்கள், லீவு எடுங்கள், பணக் கணக்கு பாதிதான் தயார் என்றாலும் வெளியே வருவது தப்பில்லை.

மூன்றில் ஒன்று குறைந்தாலும், இருக்க முடிவு செய்யலாம். ஆனால் ஒரு தேதி போட்டு இருங்கள். "மார்ச் வரை இருக்கிறேன், அதற்குள் இந்தச் சாஃப்ட்வேரைக் கற்கிறேன், இவ்வளவு சேர்க்கிறேன்" என்று.

எட்டாம் படி: வீட்டில் சொல்வது

போனில் சொல்லாதீர்கள். ஊருக்குப் போங்கள். நான் போன அன்று அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "ஏங்கண்ணு, ஏசி ரூம்ல உக்காந்து பாக்கற வேலைய விட்டுப்போட்டு எண்ணெயிலயும் கிரீஸுலயும் நிக்கப் போறயா?" என்று கேட்டார். ஊரில் நான்கு பேரிடம் பையன் சென்னையில் ஐடியில் இருக்கிறான் என்று சொல்லியிருந்தவர். நான் என் கனவைப் பற்றிப் பேசவில்லை. கணக்கு எழுதிய தாளை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "தவணை நிக்காதில்ல?" என்றார். நிற்காது என்றேன். "எத்தனை மாசத்துல தெரியும்?" ஆறு மாதம் என்றேன். "சரி" என்றார். அம்மா சமாதானம் ஆக இன்னும் ஒரு வருடம் ஆனது. அவர்கள் பயப்படுவது கனவைப் பார்த்து இல்லை, மாதக் கடைசியை நினைத்துத்தான். அதற்குப் பதில் கொண்டுபோனால் பேச்சு சண்டையாகாது.

ஒன்பதாம் படி: பேப்பர் போட்ட பிறகு

இன்டர்வியூவில் "ஏன் ஐடியை விட்டு வருகிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். பழைய கம்பெனியைக் குறை சொல்லாதீர்கள். பையிலிருந்து அந்த டிராயிங்கை எடுத்து வையுங்கள். பேச்சு அதன் பக்கம் திரும்பிவிடும்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அடுத்த கம்பெனியின் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். மெயிலில் ராஜினாமா, கடைசி நாளை எழுத்தில் வாங்குவது, பொறுப்பை ஒழுங்காக ஒப்படைப்பது, இவ்வளவுதான். சம்பளச் சீட்டு, சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்றிதழ், ஆஃபர் லெட்டர் எல்லாவற்றையும் லாகின் மூடுவதற்கு முன் சொந்த மெயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கோப்பு எதையும் எடுக்காதீர்கள்.

பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டாம். ஐந்து வருடத் தொடர் சேவை ஆகுமுன் எடுத்தால் வரிக் கணக்கில் வரும், புதுக் கம்பெனிக்கு மாற்றினால் பழைய சேவைக் காலமும் கூடவே வரும். உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணில் ஆதாரும் உங்கள் சொந்த மொபைல் எண்ணும் இணைந்திருக்கிறதா என்று கடைசி நாளுக்கு முன்பே பாருங்கள். விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதிவு செய்யாமல் விட்டிருந்தால் பணம் மாறாது. கடைசிப் பங்களிப்பு விழுந்து இரண்டு மாதம் ஆனதும் பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் தளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதிவு செய்துகொள்ளலாம்.